மூன்று தளம், ஒரே ரௌட்டர்

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் விட்டோம். கணேசமூர்த்தி ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே மருமகளுக்குக் கெடு வைத்தார்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணி. அதற்குள் கையில் பிடிக்கிற புதிய பில் மெஷின்கள் ஜவுளிக்கடையின் மூன்று தளத்திலும் ஓட வேண்டும். ஓடினால், வெள்ளிக்கிழமை ஆடித் தள்ளுபடி தொடங்கும்போது சிந்துவும் கடைக்கு வரலாம். அதன் பிறகு தினமும் வரலாம். ஓடாவிட்டால் அந்தப் பேச்சை வீட்டில் இனி யாரும் எடுக்கக் கூடாது.

மாமியார் புஷ்பம் அப்பளத்தை நொறுக்கினாள். கணவன் ஸ்ரீஹரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சிந்து "சரி மாமா" என்றாள்.

இன்று வியாழக்கிழமை.

பெருங்குடியில் நான்கு வருடம் ராத்திரி ஷிப்டில் நெட்வொர்க் சப்போர்ட் பார்த்தவள் சிந்து. கல்யாணத்தோடு அதை விட்டாள். விடச் சொன்னார்கள், விட்டாள். கல்யாணமாகிப் பதினோரு மாதம். தி.நகர் வீட்டில் கறிவேப்பிலை உருவியது போதும் என்று அவளுக்குத் தோன்றி இரண்டு மாதம் ஆகிறது.

காலை ஒன்பதரைக்கு உஸ்மான் சாலையிலிருந்து திரும்புகிற சந்தில் ஆட்டோவை விட்டு இறங்கினாள். கடை அப்போதுதான் திறந்திருந்தது. அந்தக் குடும்பத்துப் பெண்கள் கடைக்கு வருவது வருடத்தில் ஒரு நாள்தான், ஆயுத பூஜைக்கு. பூசணிக்காய் உடைத்ததும் பொரிப் பொட்டலத்தோடு காரில் ஏறிவிடுவார்கள். லேப்டாப் பையோடு ஒருத்தி உள்ளே நுழைந்ததும் விற்பனைப் பெண்கள் மடித்துக்கொண்டிருந்த புடவையைப் பாதியில் பிடித்தபடி நின்றார்கள்.

கணேசமூர்த்தி பின்னறையில் ஒரு விளம்பரத் தாளை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். எட்டுக் கொம்பு வைத்த ரௌட்டர்.

"இதை வாங்கிப் போட்டுட்டா மூணு மாடிக்கும் பாயும்னு மெஷின் வித்தவன் சொல்லுதான்" என்றார். "உனக்கும் வேலை மிச்சம்."

"வேண்டாம் மாமா. இருக்கிற மூணுமே ஜாஸ்தி."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

பிரச்சினை இதுதான். தரைத்தளத்தில் அவர், முதல் மாடியில் தம்பி துரைராஜ், இரண்டாம் மாடியில் மகன் ஸ்ரீஹரி. மூன்று பேருக்கும் தனித்தனி இணைய லைன், தனித்தனி ரௌட்டர். போனில் வைஃபை தேடினால் மூர்த்தி, துரை, ஹரி என்று மூன்று பேர் வரும். புது மெஷினில் கீழே ஒரு புடவையைப் பதிந்துகொண்டு மாடிப்படி ஏறினால் பத்தாவது படியில் பில் அறுந்துபோகும். வாடிக்கையாளர் மூன்று தளத்தில் மூன்று வரிசையில் நிற்க வேண்டும். எதிர்க் கடையில் ஒரே பில்.

"வாசல்ல பையை வாங்கிக்கிட்டு டோக்கன் கொடுக்குறோமே மாமா, ரௌட்டர் வேலையும் அதுதான்" என்றாள் சிந்து. "வெளியில இருந்து வர்ற நெட்டை வாங்கும். உள்ள இருக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர் கொடுக்கும். எந்தச் செய்தி யாருக்குன்னு அந்த நம்பரை வச்சுத்தான் அதுக்குத் தெரியும். நாம மாடிக்கு ஒரு டோக்கன் மேஜை போட்டிருக்கோம். கீழ வாங்கின டோக்கனை மேல நீட்டினா என்ன சொல்லுவான்?"

"உன் பை இங்க இல்லம்பான்."

"அதான் நடக்குது. பில் எல்லாம் சேருற கம்ப்யூட்டர் உங்க ரூம்ல இருக்கு. உங்க ரௌட்டருக்கு மட்டும்தான் அதைத் தெரியும். மெஷின் படி ஏறினதும் சின்ன மாமாவோட ரௌட்டர் அதைப் பிடிச்சு வேற நம்பர் கொடுத்துடுது. அதுக்கு உங்க கம்ப்யூட்டர் எங்க இருக்குன்னே தெரியாது."

"அப்ப பெருசா ஒண்ணு?"

"எட்டுக் கொம்பு இருந்தாலும் அது நாலாவது டோக்கன் மேஜை."

கணேசமூர்த்தி தாளை மடித்தார். அவருக்குப் புரியாததைப் புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளும் பழக்கம் கிடையாது. "மேல சொல்லு" என்றார்.

"ஒண்ணு மட்டும் ரௌட்டரா இருக்கட்டும். மத்த ரெண்டும் நம்பர் கொடுக்குற வேலையை நிறுத்தணும். காத்துல வர்ற சிக்னலைக் கம்பியில விடுறது, கம்பியில வர்றதைக் காத்துல விடுறது, அவ்வளவுதான் அதுங்க வேலை. அதுக்குப் பேரு ஆக்சஸ் பாயின்ட். வெறும் வாசல் மாதிரி. எந்த வாசல்ல நுழைஞ்சாலும் டோக்கன் ஒரே மேஜையில. இருக்கிற பெட்டியையே அப்படி மாத்திடலாம். மூணுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்ட்."

"எது ரௌட்டர்?"

அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். "சின்ன மாமாகிட்டப் பேசிட்டு வந்து சொல்றேன்" என்று எழுந்தாள்.

முதல் மாடியில் துரைராஜ் வேட்டிக் கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு அவள் பேசியதை முழுக்கக் கேட்டார். பிறகு சுருக்கமாகச் சொன்னார்.

"முடியாது."

"ஏன் சின்ன மாமா?"

"மூணு வருஷம் முன்னால தீபாவளிக்கு உன் மாமனார் பாஸ்வேர்டை மாத்தினாரு. எனக்குச் சொல்லலை. பதினெட்டு நாள். நான் போனைத் தூக்கிக்கிட்டு எதிர்த்தாப்ல காபிக் கடையில போய் நின்னேன்."

"மறந்திருப்பாங்க."

"பை வாங்கி வைக்கிற வாட்ச்மேனுக்குச் சொன்னாரு. கூடப் பொறந்தவனுக்குச் சொல்ல மறந்துட்டாரு." வேட்டி ஒன்றைத் தட்டிச் சரிசெய்தார். "அதுக்கப்புறம்தான் நான் தனி லைன் போட்டேன். நான் போட்டதும் ஹரியும் போட்டான். இப்ப நீ வந்து, என் பெட்டி நம்பர் கொடுக்கக் கூடாது, அவரு பெட்டி கொடுக்கிறதை வாங்கி விட்டாப் போதும்னு சொல்லுதே. நான் ஒத்துக்கிடுவேனா?"

சிந்து அவருடைய பெட்டியைப் பார்த்தாள். தெருக் கம்பத்திலிருந்து லைன் நேராக இந்த மாடிப் பால்கனிக்கு வருகிறது. பெட்டிக்குக் கீழே பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனாலும் இது ஓடும். கீழே இருப்பது அணைந்துவிடும். நடுத் தளம் வேறு.

"உங்க பெட்டியே ரௌட்டரா இருந்தா?"

துரைராஜ் வேட்டியை விட்டுவிட்டார்.

"அண்ணன் பெட்டி என்னோடதுக்குக் கீழயா? நீயா போய்ச் சொல்லுவே?"

"நான்தானே சொல்லணும்."

"சொல்லு. சொல்லிட்டு உயிரோட வா, காபி வாங்கித் தாரேன்."

கீழே இறங்கி அதே வாக்கியத்தை மாமனாரிடம் சொல்ல அவளுக்கு அரை நிமிடம் ஆயிற்று. சுற்றி வளைக்கவில்லை. தொழில்நுட்பப்படி எங்கே வைத்தாலும் ஓடும் என்றாள். பேட்டரி அங்கே இருக்கிறது என்றாள். அங்கே வைக்காவிட்டால் சின்ன மாமா சம்மதிக்க மாட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பாஸ்வேர்ட் கதையையும் விடவில்லை.

கணேசமூர்த்தி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வெளியே யாரோ மாம்பழக் கலர் கேட்டார்கள்.

"பதினெட்டு நாள்னா சொன்னான்?"

"ஆமா."

"இருபது நாள்" என்றார். "சரி, மாத்து. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. ஆறு மணிக்கு இது ஓடலேன்னா, மருமக பேச்சைக் கேட்டு மூத்தவன் தம்பிக்குக் கீழ போனான், அதுவும் வெளங்கலைன்னு கடை முழுக்கப் பேசுவாங்க. அப்புறம் நீ ஆயுத பூஜைக்கும் வர வேண்டாம்."

"சரி மாமா."

பதினொன்றரைக்குக் காதர் வந்தார். வயர் இழுப்பதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர்தான். முதல் மாடியிலிருந்து கீழே ஒன்று, மேலே ஒன்று, இரண்டு கம்பி இழுக்க வேண்டும்.

"இன்னா மேடம் இது, ஒரே கடைக்கு மூணு கனெக்சனா? மூணு சம்சாரம் கட்டுன மாதிரி கீது."

"இன்னிக்கு ரெண்டை வெட்டுறோம் பாய்."

"பெரியவர் ஒத்துக்கினாரா?"

"ஒத்துக்கிட்டார்."

"அப்ப ஏணிய சீக்கிரம் எடு. மனசு மாறிடப் போறாரு" என்று காதர் தன் ஆளுக்குக் குரல் கொடுத்தார்.

மூன்று மணிக்குள் கம்பி இழுத்தாயிற்று. முதல் மாடிப் பெட்டியிலிருந்து, ஒரு லைனைப் பல கம்பிகளுக்குப் பிரித்துவிடும் சுவிட்ச் ஒன்று, அதிலிருந்து மற்ற இரண்டு தளங்களுக்கும் கம்பி. கீழ்ப் பெட்டியில் நம்பர் கொடுக்கும் வேலையை நிறுத்தினாள். அதன் சொந்த முகவரியை மாற்றினாள், முதல் மாடிப் பெட்டியோடு மோதாமல் இருக்க. காதர் இழுத்த கம்பியை, இணையம் நுழைகிற துளையில் செருகாமல் பக்கத்துத் துளைகளில் ஒன்றில் செருகினாள். இந்தத் துளை விஷயத்தில்தான் பாதிப் பேர் கவிழ்வார்கள். தப்பான துளையில் செருகினால் பெட்டி பழையபடி தன் ராஜ்யத்தை ஆரம்பித்துவிடும்.

இரண்டாம் மாடியில் ஸ்ரீஹரி கவுன்டருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தைகள் துணி, ரெடிமேட் எல்லாம் அவன் பொறுப்பு.

"என்னோடதை விட்டுடேன்" என்றான். "ரெண்டு தளம் ஓடினாப் போதும்னு அப்பாகிட்ட நான் பேசுறேன்."

"மூணு தளம்னு சொல்லியிருக்கார்."

"எனக்காக விடக் கூடாதா?"

"உங்களுக்காகப் பதினோரு மாசம் விட்டேன்" என்றாள் சிந்து. லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவன் கவுன்டரை விட்டு நகர்ந்தான்.

நான்கு மணிக்குப் போனில் மூர்த்தியும் துரையும் ஹரியும் மறைந்தார்கள். ‘கடை’ என்று ஒரே பெயர் வந்தது. தாரணி என்ற விற்பனைப் பெண்ணிடம் மெஷினைக் கொடுத்து மேலும் கீழும் மூன்று முறை நடக்கவிட்டாள். பில் அறுந்துபோகவில்லை. துரைராஜ் சொன்னபடி காபி வாங்கி அனுப்பினார்.

ஐந்து மணிக்குப் புஷ்பம் வந்தாள். ஆறு மணிச் சோதனைக்கு வாடிக்கையாளர் அவள்தான் என்று கணேசமூர்த்தி முடிவு செய்திருந்தார். கடை ஆளை வைத்தால் சாதகமாக நடப்பான் என்பது அவர் கணக்கு. புதிதாகச் சேர்ந்த வாட்ச்மேனுக்கு முதலாளி வீட்டம்மாவைத் தெரியாது. பையை வாங்கி வைத்துக்கொண்டு பதினேழாம் நம்பர் டோக்கனைக் கொடுத்துவிட்டான்.

"முப்பது வருஷமா இந்தக் கடைச் சோறு திங்கேன். எனக்கு டோக்கன் தாரான்" என்றாள் புஷ்பம் சிந்துவிடம். கோபம் மாதிரித்தான் இருந்தது, ஆனால் டோக்கனைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டாள். "ஏட்டி, சாப்பிட்டியா?"

"இல்ல அத்தை."

"சாப்பிடாமப் போட்டியில நிக்காதே. தோத்தா மயக்கம்பாங்க, ஜெயிச்சாலும் மயக்கம்பாங்க." பர்ஸிலிருந்து இரண்டு கடலை மிட்டாயை எடுத்துக் கையில் திணித்தாள்.

சிந்து முதல் மிட்டாயைக் கடிக்கும்போது தாரணி படியில் ஓடிவந்தாள்.

"மேடம், மெஷின் நின்னுடுச்சு. கீழயும் நின்னுடுச்சு."

மணி ஐந்து பத்து.

முதல் மாடியிலும் இல்லை. தரைத்தளத்தில் மூன்று மெஷினில் இரண்டு செத்துக் கிடந்தன. வைஃபை நிறையக் காட்டுகிறது, பில் மட்டும் போகவில்லை. கணேசமூர்த்தி பின்னறை வாசலில் வந்து நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். துரைராஜ் படியில் பாதி இறங்கி நின்றுவிட்டார்.

சிந்து செத்த மெஷினை வாங்கி அதற்குக் கிடைத்திருந்த நம்பரைத் திறந்து பார்த்தாள்.

அது அவள் கொடுத்த வரிசை இல்லை.

யாரோ கடைக்குள் இன்னொரு டோக்கன் மேஜையைப் போட்டிருக்கிறார்கள். ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றிய பெட்டி ஒன்று மறுபடி ரௌட்டர் ஆகியிருக்கிறது. பக்கத்துத் துளையில் கம்பி செருகியிருப்பதால் அது தன் தளத்தோடு நிற்கவில்லை, கடை முழுக்க நம்பர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. முதலில் யார் கொடுக்கிறார்களோ அவர்கள் நம்பரை மெஷின் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் மூன்றில் ஒன்று பிழைத்திருக்கிறது.

ஓடினாள். முதல் மாடி சுவிட்ச்சிலிருந்து தரைத்தளக் கம்பியைத் தொட்டாள். தொட்டுவிட்டு, அதை விட்டு, இரண்டாம் மாடிக் கம்பியைப் பிடுங்கினாள்.

"தாரணி, கீழ மெஷினை எல்லாம் அணைச்சுப் போடச் சொல்லு."

ஒரு நிமிடம்.

"வந்துடுச்சு மேடம்" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

இரண்டாம் மாடியில் ஸ்ரீஹரி பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு குண்டூசி இருந்தது. துணியில் விலைச்சீட்டு குத்துகிற குண்டூசி. பெட்டியின் பின்பக்கத்துச் சின்னத் துளைக்குள் அதை விட்டுப் பத்து நொடி அழுத்தினால் எல்லா அமைப்பும் அழிந்து, பெட்டி கம்பெனியிலிருந்து வந்த அன்றைய நிலைக்குப் போய்விடும்.

"ஹரிங்கிற பேரு காணோம்னு பார்த்தேன்" என்றான். "சரி பண்ணலாம்னு அழுத்தினேன்."

சிந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

"கடை முழுக்கப் போகும்னு எனக்குத் தெரியாது சிந்து."

அவள் விரல் ஒரு கணம் நின்றது. இந்த மாடி மட்டும் போனால் போதும் என்றுதான் நினைத்திருக்கிறான். அதை யோசிக்க நேரம் இல்லை. மணி ஐந்து இருபத்திரண்டு.

"தள்ளிக்கோங்க" என்றாள்.

மறுபடி முதலிலிருந்து. முகவரி. நம்பர் கொடுப்பதை நிறுத்து. பெயர். பாஸ்வேர்ட். சேமி. பெட்டி அணைந்து எரிவதற்குள் இரண்டு நிமிடம் விழுங்கியது. காதர் கீழே சுவிட்ச்சில் கம்பியைத் திரும்பச் செருகினார். எரிந்தது. அணைந்தது. எரிந்தபடி நின்றது.

ஐந்து ஐம்பத்தொன்று. பெட்டியை அலமாரிக்கு மேலே ஏற்றி, காதரிடம் டேப் வாங்கிச் சின்னத் துளைமீது ஒட்டினாள். குண்டூசியைக் கணவன் கையிலிருந்து எடுத்து விலைச்சீட்டு டப்பாவில் போட்டாள்.

ஆறு மணிக்குப் புஷ்பம் தரைத்தளத்தில் சுங்குடிப் புடவை ஒன்று எடுத்தாள். தாரணி மெஷினில் பதிந்தாள். பின்னால் கணேசமூர்த்தி, அவருக்குப் பின்னால் சிந்து. புஷ்பம் படியில் வேண்டுமென்றே மெதுவாக ஏறினாள். பத்தாவது படியில் நின்று மூச்சு வாங்கினாள். பில் அறுந்துபோகவில்லை.

முதல் மாடியில் வேட்டி. "உங்க அண்ணனுக்கு, தம்பி. கரை சின்னதா எடுங்க" என்றாள். துரைராஜ் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் மாடியில் ஒரு பாவாடை சட்டை.

"யாருக்கு இது?" என்றார் கணேசமூர்த்தி.

"சோதனைக்குத்தானே. நாளைக்கு அலமாரியில வச்சிடுங்க."

தாரணி பொத்தானை அழுத்தினாள். தரைத்தளத்துப் பிரின்டரில் ஒரே சீட்டு வந்தது. மூன்று உருப்படி, ஒரு பில். கீழேயிருந்து ஓர் ஆள் அதை எடுத்துக்கொண்டு மேலே வந்தான். கணேசமூர்த்தி இரண்டு முறை படித்தார்.

"அஞ்சு மணிக்கு மேல என்ன ஆச்சு?"

"ரெண்டாவது மாடிப் பெட்டி பழைய நிலைக்குப் போயிடுச்சு மாமா."

"தானாவா?"

ஸ்ரீஹரி மனைவியைப் பார்த்தான். கல்யாணமானதிலிருந்து அவன் அவளை இப்படிக் கெஞ்சலாகப் பார்த்ததில்லை.

"தானா போகாது" என்றாள் சிந்து.

கணேசமூர்த்தி மகன் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப எல்லாம் ஒரே இடத்துல நம்பர் வாங்குதுன்னா, யார் யார் வாங்கியிருக்காங்கன்னு பார்க்க முடியுமா?"

"முடியும்."

லேப்டாப்பைத் திருப்பினாள். ஒரே ரௌட்டர், ஒரே பட்டியல். மெஷின்கள், பிரின்டர்கள், கம்ப்யூட்டர்கள், கேமராக்கள், துரைராஜின் போன், அவள் போன். அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இருபத்திரண்டு வரை சொன்னாள்.

"இது?"

இருபத்துமூன்றாவது வரியில் பெயர் இல்லை. வைஃபையில் வரவில்லை, கம்பியில் வருகிறது. இரண்டாம் மாடிப் பெட்டியின் பின்னால் சுவருக்குள் நுழைகிற பழைய கம்பி ஒன்று இருந்தது. கேமராவுக்கு என்று நினைத்து அவள் அதைத் தொடாமல் விட்டிருந்தாள். கேமராக்களை இப்போது எண்ணியாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டாக் ரூம். அதன் சாவி ஸ்ரீஹரியிடம் மட்டும்தான் உண்டு.

"தெரியலை மாமா."

கணேசமூர்த்தி எழுந்தார். பில்லை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"காலையில ஒன்பது மணிக்கு வந்திடு. கீழ உனக்கு ஒரு மேஜை போடச் சொல்லுதேன். வந்ததும் முதல் வேலை, அது என்னன்னு கண்டுபிடிச்சு எங்கிட்டச் சொல்லணும்."

"வரேன் மாமா."

அவரும் புஷ்பமும் இறங்கினார்கள். தாரணி மெஷினைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போனாள். காதர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த மாடியில் இரண்டு பேர்தான் மிச்சம். ஸ்ரீஹரி ஸ்டாக் ரூம் கதவில் சாய்ந்து நின்றிருந்தான்.

"என் பெட்டியை விட்டுடுன்னு கெஞ்சினேன்ல" என்றான்.

சிந்து லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள். கடித்து மிச்சமிருந்த கடலை மிட்டாயை வாயில் போட்டு மென்று முடித்தாள்.

"ஒன்பது மணி வரைக்கும் நேரம் இருக்கு" என்றாள். "உள்ள என்ன இருக்குன்னு நீங்களே அப்பாகிட்டப் போய்ச் சொல்லிடுங்க. ஒன்பது மணிக்கு நான் வேலைக்கு வந்துடுவேன்."